ஆடும் சக்கரம்



அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் செல்லும் சாலையில், நோணாங்குப்பத்தருகே சுண்ணாம்பாற்றின்மீது ஒரு பாலம் உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் தமக்கையின் குழந்தைகள் இருவரைத் தமது பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் அப்பாலத்தை நெருங்கினார். முன்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. அவ்வளவுதான்! முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெடவெடவென்று ஆடத் தொடங்கின. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. வேகம் குறைந்து, வண்டி ஏறத்தாழ நின்ற பிறகே ஆட்டம் ஓய்ந்தது. நல்லவேளையாக எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

மறுநாள் அவர் என் இல்லத்துக்கு வந்தார். “ஐயா, இதற்கென ஒரு தணிப்பான் விற்கிறார்கள். அதைப் பூட்டினால் ஆட்டம் அடங்கிவிடுமாம். பூட்டலாமா?” என்று வினவினார். “வா தம்பி, பார்த்துவிட்டுச் சொல்வோம்” என்று அவருடன் அரியாங்குப்பத்துப் பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். அங்கே நான் கண்டதையும் கற்றதையுமே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் தணிப்பான் என்பது யாது? எண்ணெய் நிறைந்த ஓர் உருளை. அதனுள் சிறு துளைகளையுடைய ஓர் உந்துதண்டு. உருளையின் ஒரு முனையை அச்சிலோ சட்டத்திலோ பிணைப்பர். மறுமுனையைச் சக்கரங்களை இணைக்கும் தண்டில் பிணைப்பர். மெல்லத் தள்ளினால் எண்ணெய் துளை வழியே எளிதில் ஒழுகும், தண்டு இணங்கும். விரைந்து தள்ளினால் எண்ணெய்க்கு வழி போதாது, தண்டு எதிர்க்கும். கதவைத் தானே மெல்ல மூடும் கருவியைச் சில அலுவலகங்களில் கண்டிருப்பீர்கள். அதன் தத்துவமும் இதுவே. ஆகையால் ஓட்டுநர் நிதானமாகத் திருப்புவதைத் தணிப்பான் தடுப்பதில்லை. சக்கரத்தின் படபடப்பை மட்டும் தடுக்கிறது.

இனி, அந்தப் படபடப்பு எங்கிருந்து பிறக்கிறது? உங்கள் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் கோட்டைத் தரைவரை மனத்தால் நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது விழும். எனவே சக்கரம் அக்கோட்டின் பின்னால் இழுபட்டு வருகிறது. சற்றே கோணினாலும் தானே நேராகிறது. ஜீப்பின் முன்சக்கரங்களுக்கும் இத்தகைய சாய்வு உண்டு.

மகேந்திரா நிறுவனத்தார் முன்னாளில் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கினர். அவ்வழி வந்த பழைய ஜீப்புகளில், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திண்ணிய அச்சில் அமைந்தவை. ஆதலால் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதையும் சேரும். என் மாணவர் கரடுமுரடான பாதைகளில் செல்ல விரும்பி, வேற்றூரில் ஒரு பட்டறையில் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர்களையும் மாட்டியிருந்தார். அப்போது அச்சு சற்றே புரண்டு, பின்சாய்வு குறைந்துவிட்டது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டு, முன்பு ஏறக்குறையப் படுக்கையாக இருந்தது. இப்போது செங்குத்தாகச் சரிந்து நின்றது. பள்ளத்தில் அச்சு ஏறி இறங்குந்தோறும் அத்தண்டே சக்கரத்தைத் திருப்பிவிட்டது. பெரிய டயரின் பளுவோ, தொடங்கிய ஆட்டத்தை வளர்த்தது.

இந்நோய் புதிதன்று. புதுவை முதியோர் அறிந்த பிரெஞ்சு மொழியில் ‘தாந்தினுமான்’ என்று ஒரு சொல் உண்டு. உடலை இருபுறமும் அசைத்து நடக்கும் நடை என்பது பொருள். 1925இல் புரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மோட்டார் வண்டியின் முன்சக்கர ஆட்டத்தைப் பற்றி எழுதிய ஆய்வுரையின் தலைப்பிலேயே அச்சொல்லை வைத்தார். காற்றடைத்த டயர் பக்கவாட்டில் வழுகும் இயல்பை எடுத்துக்காட்டியவரும் அவரே.

பட்டறை மேஸ்திரி, உதவியாளை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னார். தாம் வண்டியின் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தார். இரண்டு மூட்டுகள் தேய்ந்து தளர்ந்திருந்தன. எழுந்து வந்து, “வாத்தியாரய்யா, இப்போதே தணிப்பானைப் பூட்டினால் ஆட்டம் தெரியாது, ஆனால் மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். தணிப்பான் இல்லாமல் நேராக ஓடுகிற வண்டிக்குத்தான் நான் தணிப்பான் பூட்டுவேன்” என்றார். நாற்பதாண்டு வகுப்பறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது!

உயரத்தைப் பற்றியும் பேசினோம். அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் ஆடி மாதந்தோறும் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிறது. தேர் உயரமானது, அதனாலேயே அது முட்டுக்கட்டைக்குக் கட்டுப்பட்டு, மனிதர் நடையில் ஊர்கிறது. உயர்த்திய ஜீப்போ, கவிழும் இயல்பு மிகுந்திருந்தும், நெடுஞ்சாலையில் விரைகிறது. சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று.

மாணவர் சற்று வாடினார். ஆயினும் குழந்தைகளை நினைத்து இசைந்தார். பழைய ஸ்பிரிங் தகடுகளும் டயர்களும் திரும்பின, மூட்டுகள் புதுப்பிக்கப்பட்டன, சாய்வு அளந்து சரிசெய்யப்பட்டது. தணிப்பான் இன்றியே வண்டி நேராக ஓடிற்று. அதன் பின்னரே மேஸ்திரி தணிப்பானை எடுத்தார். சக்கரங்களை நேராக நிறுத்தி, உந்துதண்டு உருளையின் நடுவே நிற்குமாறு பொருத்தினார். இருபுறமும் முழுவதும் திருப்பி, தண்டு கடைமுட்டவில்லை என்று உறுதிசெய்தார். அவ்வாறு முட்டினால் திருப்பத்தின் முழு விசையும் தணிப்பானின்மீது விழுந்து, பிணைப்பு முறியும்.

மாணவச் செல்வங்களே! காய்ச்சலை மருந்தால் தணிக்கலாம்; காய்ச்சலின் காரணத்தைத் தேடாமல் விடலாகாது. தேர்வில் ஒரு கணக்குத் தவறினால், விடையை மட்டும் திருத்தி அமையாதீர்கள். எந்த வரியில் பிழைத்தோம் என்று பாருங்கள். இன்று மாலை உங்கள் சைக்கிளின் முன்கவையை ஒருமுறை உற்று நோக்குங்கள். அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று உங்கள் தம்பி தங்கையருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.