பேரை மாத்தினா டேட்டாபேஸ் போயிருமா?

இன்னைக்கு டெராஃபார்ம். அதுல ஒரே ஒரு பயம் பத்திப் பேசுவோம்: நாம சின்னதா ஒண்ணை மாத்தப் போக, அது டேட்டாபேஸையே அழிச்சுட்டுப் புதுசா கட்டக் கிளம்புறது.

நம்ம ஊர்க் கதையில இருந்து தொடங்குறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. அதுக்காக யாரும் நாகர்கோவிலை இடிச்சுட்டு மறுபடி கட்டல. முகவரி மாறிச்சு, ஊர் அப்படியே இருந்துச்சு.

டெராஃபார்முக்கு இது தானா புரியாது. கோடுல ஒரு ரிசோர்ஸ் பேரை 'மெயின்'ல இருந்து 'ஆர்டர்ஸ்'னு மாத்துறீங்க. ஸ்டேட் ஃபைல்ல இருக்குற 'மெயின்' இனி வேண்டாம், 'ஆர்டர்ஸ்' புதுசுன்னு அது எடுத்துக்கும். பழசு அழியும், புதுசு காலியா எழும்பும். ஸ்னாப்ஷாட் இல்லேன்னா கஸ்டமர் டேட்டா போச்சு. 2021 டிசம்பர்ல வந்த 1.1 பதிப்புல இதுக்குன்னே 'மூவ்டு' பிளாக் இருக்கு. பழைய முகவரி இது, புதுசு இதுன்னு எழுதினா போதும், அழிக்கிற பேச்சே வராது.

அடுத்தது, இருந்த இடத்துல மாத்த முடியாத செட்டிங். ஆர்டிஎஸ்ல என்கிரிப்ஷன் இல்லாம ஓடுற டேட்டாபேஸுக்கு அப்புறமா அதை ஆன் பண்ண முடியாது. கோடுல மாத்தினா பிளான்ல '-/+' குறி வரும், பக்கத்துலயே 'ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்'னு இருக்கும். அங்க நிறுத்துங்க. ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை என்கிரிப்ட் பண்ணி காப்பி போட்டு, அதுல இருந்து ரீஸ்டோர் பண்றதுதான் வழி.

சர்வர்ல, எப்பவும் புது ஏஎம்ஐ எடுன்னு எழுதியிருந்தா, அமேசான் புது இமேஜ் விடுற அன்னைக்கு நீங்க எதையும் தொடாமலே ரீப்ளேஸ் காட்டும். 'இக்னோர் சேஞ்சஸ்'ல ஏஎம்ஐயைப் போடுங்க. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்துல இருந்தாலும் பராமரிக்கிறது கேரள அரசு இல்லையா, அது மாதிரி. இருக்கு, ஆனா நாம கை வைக்கிறதில்ல.

'பிரிவென்ட் டெஸ்ட்ராய்' போட்டா, அழிக்கிற பிளான் எர்ரர் ஆகி நின்னுரும். ஆனா ஒரு ஓட்டை இருக்கு: ரிசோர்ஸ் பிளாக்கையே யாராவது தூக்கிட்டா, உள்ள இருக்குற அந்தக் காவலும் சேர்ந்தே போயிரும். அதனால டேட்டாபேஸ்ல 'டெலீஷன் புரொடெக்ஷன்' தனியா ஆன் பண்ணுங்க. அப்போ கிளவுடே மறுத்துரும்.

அப்ளைக்கு 'யெஸ்' அடிக்கும் முன்னாடி பிளானோட கடைசி வரியைப் பாருங்க. 'டு டெஸ்ட்ராய்'க்கு முன்னாடி பூஜ்யம் இல்லேன்னா, எது அழியுதுன்னு தெரியாம கீபோர்டைத் தொடாதீங்க. அடுத்த வாரம் பாப்போம்.