அயர்லாந்துக் கமக்காரரின் அதிர்ஷ்ட நம்பிக்கைகள்



அயர்லாந்து நாட்டுக் கமக்காரர் வீட்டிலும் வயலிலும் கைக்கொண்டு வந்த நம்பிக்கைகள் சிலவற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். கேட்டு நகைப்பதற்காக அன்று, ஆராய்ந்து பார்ப்பதற்காகவே.

அந்நாட்டுச் சிறு கமக்காரர் பலருக்குப் பசுவே செல்வமாயிருந்தது. நிலக்குத்தகை கட்டுவதற்கு வெண்ணெய் விற்ற காசு கைகொடுத்தது. எவ்வளவு கடைந்தும் வெண்ணெய் திரளாவிட்டால் குடும்பமே கலங்கும். பாலின் சூடு, பாத்திரத்தின் தூய்மை முதலிய காரணங்களை எண்ணாமல், "யாரோ நம் அதிர்ஷ்டத்தைக் கவர்ந்து சென்றனர்" என்றே பலரும் எண்ணினர். மே மாதம் முதலாந் தேதியில் பாலையோ நெருப்பையோ அயலவருக்குக் கொடுக்க அஞ்சினர். வெண்ணெய் கடையும் வேளையில் வீட்டுக்குள் வருபவர் எவராயினும் தாமும் சிறிது நேரம் கடைந்து கொடுத்தே செல்லவேண்டும்.

இந்நம்பிக்கைகளுள் இனிமையானவையும் உண்டு. ஒருவருடைய பசுவைப் புகழ்பவர், "கடவுள் காக்க" என்று சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிடின் கண்ணூறு படும் என்பர். வேலை செய்பவரைக் கண்டால், "இவ்வேலைக்கு இறையருள் உண்டாகுக" என்று வாழ்த்துவர். சந்தையில் மாடு விற்றவர், வாங்கியவரின் கையில் ஒரு சிறு தொகையை அதிர்ஷ்டக் காசாகத் திருப்பிக் கொடுப்பார். பெப்ரவரி 1ஆந் தேதி புனித பிரிஜிட் அம்மையாரின் திருநாள். அதற்கு முதல்நாள் மாலையில் கோரையினாற் சிலுவை பின்னி, வீட்டைத் தீயினின்றும் காக்குமென்று வாயிலின் மேல் வைப்பர். பழங்கால வட்ட மண்ணரண்களைத் தேவதைகளின் உறைவிடமென நம்பி, அவற்றை உழுவதற்கு அஞ்சினர். அவ்வச்சத்தின் துணையாலும் அவ்வரண்கள் பல்லாயிரம் அழியாது எஞ்சி, இன்று ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன.

ஆயினும், இதே நம்பிக்கையின் கொடிய முகத்தையும் நாம் மறைத்தலாகாது. 1895இல் திப்பரரி மாவட்டத்திலே பிரிஜிட் கிளியரி என்னும் இளம்பெண் நோயுற்றாள். "இவள் என் மனைவியல்லள், தேவதைகள் அவளைக் கவர்ந்து, மாற்றி வைத்துச் சென்ற உருவமே இது" என்று சாதித்தான் அவள் கணவன். உறவினர் வீட்டிலிருக்கவே அவளைத் தீக்கு இரையாக்கினான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. போன உயிர் மீளவில்லை.

அன்பர்களே! இரண்டுக்கும் வேர் ஒன்றே. நாளை என்ன நேருமோ என்ற ஏழையின் அச்சமே அது. அவ்வச்சம் வாழ்த்தாக மலர்ந்தபோது அயலவரை இணைத்தது; ஐயமாக முற்றியபோது வீட்டுக்குள்ளேயே கொலை செய்தது. ஆகவே எந்த நம்பிக்கையையும் உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு: அது அயலவரை வாழ்த்தச் செய்கின்றதா, சந்தேகிக்கச் செய்கின்றதா?

1937, 1938ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தின் ஏறக்குறைய 5,000 பாடசாலைகளின் சிறுவர் சிறுமியர், பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் இத்தகைய செய்திகளைக் கேட்டு எழுதினர். அவை 7 இலட்சம் பக்கங்களுக்கு மேலாகத் திரண்டு இன்றும் பேணப்படுகின்றன. அச்சிறுவர் முதியோரை எள்ளவில்லை. பொறுமையோடு கேட்டு எழுதி வைத்தனர். எழுதி வைத்தமையாலன்றோ, நல்லதையும் தீயதையும் பிரித்தறிய நம்மால் இயல்கின்றது! முதியோர் சொல்ல, இளைஞர் கேட்க, இருவரும் கூடி ஆராய்வார்களாயின் அறியாமை தானே அகலும்.