பேட்டர்ன்: மணலில் இடம் பிடித்துத் தருவது

உருக்கிய உலோகத்துக்குத் தனக்கென்று ஒரு வடிவம் கிடையாது. ஊற்றுகிற பள்ளம் எப்படியோ அப்படியே அது உறையும். அந்தப் பள்ளத்தை மணலில் உண்டாக்கித் தருவதற்காகச் செய்யப்படும் மாதிரிப் பொருளுக்குப் பேட்டர்ன் என்று பெயர். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் ஒரு பம்ப் உடலை வார்ப்பதற்கு முன்னால், தேக்கு மரத்திலோ அலுமினியத்திலோ அதன் பேட்டர்ன் தயாராகிவிடும். களிமண் கலந்த ஈரமணலை அதைச் சுற்றிக் கொட்டி, இடித்து இறுக்கி, பிறகு அதை உருவி எடுத்துவிடுவார்கள். அது இருந்த இடம் காலியாக நிற்கும். இரும்புக் குழம்பு போய் நிறைவது அந்தக் காலி இடத்தில்தான்.

பார்வைக்குப் பேட்டர்னும் வார்ப்படமும் ஒன்று போலத் தோன்றும். அளந்தால் வித்தியாசம் தெரியும். குளிரும் உலோகம் சுருங்கும் என்பதால் பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினியம் சுமார் 13, எஃகு சுமார் 20. அரை மீட்டர் நீளமுள்ள இரும்புப் பாகம் வேண்டுமானால் பேட்டர்ன் 505 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பேட்டர்ன் செய்யும் தச்சர் ஒவ்வொரு அளவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. அவரிடம் சுருக்க அளவுகோல் என்று ஒன்று உண்டு. இரும்புக்கான கோலில் ஒரு மீட்டர் என்று குறித்திருக்கும் இடம் உண்மையில் 1,010 மில்லிமீட்டர். பொய் சொல்லும் கோல்தான். வார்ப்படத்தின் அளவு சரியாக வருவது அந்தப் பொய்யால்தான்.

இதோடு இன்னும் சில சேர்க்கைகள் உண்டு. கடைசல் இயந்திரத்தில் சீவ வேண்டிய பரப்புகளில் சில மில்லிமீட்டர் கூடுதலாக விடுவார்கள். செங்குத்தான பக்கங்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை சரிவு கொடுப்பார்கள். உள்ளே துளை வேண்டிய பாகமென்றால், அந்தத் துளையின் வடிவில் மணலால் கோர் என்னும் உருவத்தைத் தனியே செய்து பள்ளத்துக்குள் வைக்க வேண்டும். அந்தக் கோர் உட்காருவதற்கான இடத்தையும் பேட்டர்னிலேயே புடைப்பாகச் செய்துவிடுவார்கள். சீவ வேண்டிய பரப்புக்குச் சிவப்பு, கோர் உட்காரும் புடைப்புக்கு மஞ்சள், அப்படியே விட வேண்டிய பரப்புக்குக் கறுப்பு என்று வண்ணம் பூசுவது பரவலான வழக்கம்.

பேட்டர்னை மணலிலிருந்து எடுக்கும் நேரம்தான் இந்த வேலையில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் நேரம். விளிம்பைச் சுற்றி மணலை ஈரத்துணியால் லேசாக நனைப்பார்கள். பேட்டர்னில் ஒரு கம்பியைப் பொருத்தி நாலா பக்கமும் மெல்லத் தட்டி அசைப்பார்கள். பிறகு நேராக மேலே தூக்குவார்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் மணல் உதிர்ந்து, அத்தனை வேலையும் வீணாகிவிடும். பேட்டர்னில் இத்தனை வகைகள் தோன்றியதற்கு இரண்டு கேள்விகளே காரணம். மணலைக் கலைக்காமல் அதை எப்படி வெளியே எடுப்பது? எத்தனை வார்ப்படங்கள் வேண்டும்?

எளிமையான வடிவமாகவும், ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தால் ஒரே துண்டில் செய்த பேட்டர்ன் போதும். மணலை நிரப்பும் பெட்டி மேல், கீழ் என்று இரண்டாக இருக்கும். பேட்டர்ன் கீழ்ப்பெட்டி மணலுக்குள் முழுதும் புதைந்து, தட்டையான முகம் மேலே தெரியும். செலவு குறைவு. நாலைந்து வார்ப்படங்களுக்கு இதுவே மேல்.

உருளை வடிவமோ, நடுவில் பருத்த வடிவமோ ஒரே துண்டாக இருந்தால் மணலைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வரும். அதனால் அதை நடுவில் இரண்டாகப் பிளந்து செய்வார்கள். ஒரு பாதியில் முளை, மறுபாதியில் குழி. சேர்த்து வைத்தால் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு பாதி கீழ்ப்பெட்டியிலும் மறுபாதி மேல்பெட்டியிலும் பதியும். பெட்டிகளைப் பிரித்து இரண்டையும் தனித்தனியே எடுத்துவிடலாம். தண்ணீர்க் குழாய்களும் வால்வு உடல்களும் இந்த முறையில் வருபவைதான். இன்னும் சிக்கலான வடிவத்துக்கு மூன்று துண்டுகளும் மூன்று பெட்டிகளும்கூடத் தேவைப்படும்.

பக்கவாட்டில் ஒரு புடைப்பு நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டாகப் பிளந்தாலும் பயனில்லை. அங்கே லூஸ் பீஸ் கைகொடுக்கிறது. புடைப்பை மட்டும் தனித்துண்டாகச் செய்து, ஊசியாலோ நழுவும் பொருத்தாலோ பேட்டர்னோடு இணைத்திருப்பார்கள். பெரிய உடல் முதலில் மேலே வந்துவிடும். துண்டு மணலிலேயே தங்கும். பிறகு காலியான இடத்துக்குள் கைவிட்டு, அந்தத் துண்டைப் பக்கவாட்டில் இழுத்து எடுப்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை, துண்டு தொலைந்துபோவதும் உண்டு. வேறு வழி இருந்தால் அனுபவசாலிகள் இதை நாடுவதில்லை.

மெல்லிய தகடு போன்ற பேட்டர்ன் மணலை இடிக்கும்போது வளைந்தோ உடைந்தோ போகும். அதன் அடிவடிவத்துக்கு ஏற்பக் குடைந்த பலகையை அணையாகக் கொடுப்பார்கள். ஃபாலோ போர்டு என்பது இதுதான்.

எண்ணிக்கை கூடினால் கணக்கே மாறிவிடும். சிறு பாகங்கள் பலவற்றை, உலோகம் ஓடும் வாய்க்காலோடு சேர்த்து ஒரே கொத்தாகச் செய்தால், ஒரு முறை ஊற்றும்போதே எல்லாம் கிடைக்கும். திராட்சைக் குலை மாதிரி வெளியே வரும் வார்ப்படங்களைப் பிறகு உடைத்துப் பிரித்துக்கொள்ளலாம். இதன் அடுத்த படி மேட்ச் பிளேட். ஒரு தகட்டின் மேல்பக்கத்தில் பாதி, கீழ்ப்பக்கத்தில் மறுபாதி என்று பேட்டர்ன்களைப் பதித்து, இயந்திரத்தில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் அதைப் பொருத்துவார்கள். இது பெரும்பாலும் அலுமினியம். மரம் ஈரத்தில் உப்பும், மணல் உரசித் தேயும், ஆயிரக்கணக்கான முறை தாங்காது. ஆனால் அலுமினியப் பேட்டர்னும் ஒரு மரப் பேட்டர்னிலிருந்து வார்க்கப்பட்டதுதான். ஆகவே அந்த மூல மரத்தில் அலுமினியத்தின் சுருக்கத்தையும் இரும்பின் சுருக்கத்தையும் சேர்த்து, மீட்டருக்குச் சுமார் 23 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். இதை மறந்தால் வார்ப்படங்கள் அத்தனையும் அளவில் சிறுத்துப்போகும். பாகம் பெரிதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால், மேல்பாதிக்கு ஒரு பலகை, கீழ்ப்பாதிக்கு ஒரு பலகை என்று தனித்தனியே செய்து இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிர், மிகப் பெரிய பொருள் ஒன்றே ஒன்று தேவைப்படும் நிலை. ஆளுயர மணிக்கு முழுப் பேட்டர்ன் செய்வது மரத்துக்கும் கூலிக்கும் கேடு. மணியின் பக்கவாட்டுக் கோட்டை ஒரு பலகையின் விளிம்பில் வெட்டி, நடுக்கம்பில் மாட்டிச் சுழற்றினால் போதும். குயவர் சக்கரத்தில் மண் சுற்றும், கை நிற்கும். இங்கே மண் நிற்க, பலகை சுற்றுகிறது. 13 டன்னுக்கு மேல் எடையுள்ள லண்டன் பிக் பென் மணியை 1858-இல் வார்த்த வைட்சேப்பல் பட்டறை, மணிகளின் அச்சுகளை இப்படிப் பலகை சுழற்றித்தான் உருவாக்கியது. பெரிய பற்சக்கரங்களுக்கு வட்டத்தின் ஒரு துண்டை மட்டும் செய்து, இடித்து, நகர்த்தி, மறுபடியும் இடித்து வட்டத்தை முடிப்பார்கள். பெரிய குழாய் வளைவுகளுக்கு மரச்சட்டங்களால் எலும்புக்கூடு மட்டும் கட்டி, இடைவெளிகளில் மண்ணை நிரப்பி வழித்துவிடுவார்கள்.

மேலே சொன்ன எல்லாமே மணலை விட்டு வெளியே வர வேண்டியவை. வெளியே எடுக்கவே தேவையில்லாத இரண்டு வகைகள் உண்டு. ஒன்று மெழுகு. சுவாமிமலை சிற்பிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயோடு காய்ச்சிச் சிலையை உருவாக்குகிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். சரிவு வேண்டாம், பிளக்க வேண்டாம். சிலையின் விரல் நுனி எந்தப் பக்கம் வளைந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் மெழுகும் போய், உடைத்த அச்சும் போய்விடுவதால், அங்கே ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு உருவத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

மற்றொன்று தெர்மாகோல். 1958-இல் அமெரிக்காவில் ஹெரால்டு ஷ்ராயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். தெர்மாகோல் உருவத்தை மணலுக்குள் புதைத்து அப்படியே விட்டுவிட, ஊற்றும் உலோகமே அதை எரித்து ஆவியாக்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கார்களின் தகட்டு உடலை அழுத்தி வடிக்கும் பெரிய இரும்பு அச்சுகளை இன்று இந்த முறையில்தான் வார்க்கிறார்கள். அப்படிப்பட்ட அச்சில் ஒன்று வார்த்தால் போதும் என்பதால், எரிந்துபோகிற பேட்டர்ன் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.