அறிமுகக் கையெழுத்து கேட்கும் இசை

(அடையாறில் மாணவர் சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரசனையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ரசனைன்னா ஏதோ பிறக்கும்போதே நாக்கில் தடவி அனுப்புகிற தேன் மாதிரி இங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரசனை ஒரு வாசல். வாசல் இருந்தால் காவல்காரன் இருப்பான். அவன் என்ன கேட்கிறான், யாரை உள்ளே விடுகிறான் என்பதுதான் என் பேச்சு.

நான் வங்கியில் குமாஸ்தா. முன்பெல்லாம் வங்கியில் கணக்குத் தொடங்கக் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடணும். சொந்தபந்தத்தில் யாருக்குமே கணக்கு இல்லாதவன் யாரிடம் போய்க் கேட்பான்? தென்சென்னையில் இசையும் அப்படித்தான் நடக்கிறது.

மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களைப் பாருங்கள். பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப்போவதில்லை. ஆனால் பக்கத்துக் குப்பத்திலிருந்து எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆலாபனை தொடங்கினதும் பக்கத்து நாற்காலிக்காரர் ‘என்ன ராகம் சொல்லுங்கோ’ என்பார். அவர் கேட்பது ராகத்தை அல்ல, கையெழுத்தை. தாத்தா, பாட்டி போட்ட கையெழுத்து இருக்கிறவன் சொல்லிவிடுவான். இல்லாதவன் மறுநாள் அந்தப் பக்கமே வரமாட்டான்.

அது பழைய தலைமுறை, பேரன்கள் மாறிட்டாங்க, ராக் கேட்கிறாங்க என்பீர்கள். இதே அடையாறு பக்கம் ஐஐடி கலைவிழா ‘மார்டி கிரா’ என்ற பெயரில் நடந்து, 1996-இல் ‘சாரங்’ ஆனது. அங்கே ராக் இரவு உண்டு. நம்ம பையன் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு அந்த மாதிரிக் கூட்டத்துக்குள் போனால் என்ன கேட்கிறார்கள்? ‘இந்த பேண்டில் டிரம்ஸ் யாரு? முதல் ஆல்பம் எந்த வருஷம்?’ தாத்தா ராகம் கேட்டார், பேரன் ஆல்பம் கேட்கிறான். பேண்டின் பெயரை உச்சரிப்பதில் தப்பினால் போச்சு. கலக இசை என்கிறார்கள். கலகத்துக்கும் நுழைவுத் தேர்வு வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் அறுபதுகளில், சங்கீதம் படிக்காத பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் மலிவு கித்தாரை வைத்துக்கொண்டு போட்ட சத்தத்துக்குத்தான் ‘கராஜ் ராக்’ என்று பேர். தெரியாதவனும் வாசிக்கலாம் என்பதுதான் அதன் உயிரே. அங்கேயும் வாசல் வந்தது. டெட்ராய்ட் நகரத்தில் ஹாக்னி என்ற கறுப்பினச் சகோதரர்கள் மூவர் ‘டெத்’ என்று ஒரு குழு வைத்தார்கள். கறுப்பன் ஆட்டத்துக்குப் பாடணும், ராக் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்பது அன்றைய சந்தையின் சட்டம். 1975-இல் ஒலிப்பதிவு செய்தார்கள். பெரிய கம்பெனி பேரை மாற்றச் சொன்னது, மறுத்தார்கள். 1976-இல் தாங்களே 500 இசைத்தட்டுப் போட்டார்கள். யாரும் சீந்தவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே தட்டு அபூர்வப் பொருளாகிவிட்டது, சேகரிப்பவர்கள் விலையை ஏற்றினார்கள். 2009-இல் அந்தப் பழைய ஒலிப்பதிவு ஆல்பமாக வந்தது. குழுவுக்கு அந்தப் பெயரை வைத்த டேவிட் 2000-இலேயே செத்துப்போயிருந்தார்.

இது டெட்ராய்ட்டோடு முடிகிற கதையா? 2020-இல் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். தோலைப் பதம் பார்த்து, மூட்டி, மிருதங்கம் கட்டித் தருகிறவர்களின் வரலாறு அது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. விழா தரமணி இதழியல் கல்லூரியில் நடந்தது. மாட்டுத் தோலின் நாதம் மேடையேறலாம். அந்தத் தோலைத் தொட்டவன் கதை மேடையேறக்கூடாது.

டிரெண்ட் வந்தால் வாசல் திறக்குமே என்று கேட்கிறார்கள். திறக்கும், பாட்டுக்கு மட்டும். தொண்ணூறுகளில் தேவா கானாவைச் சினிமாவில் பரப்பினார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தது. 2012-இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா. தி.நகர் கல்யாண மண்டபத்தில் கானாவுக்கு ஆடுகிறார்கள். ஆனால் அதே பாட்டைப் பாடுகிற பையன் முடிக்குச் செம்பட்டை அடித்துக்கொண்டு ரங்கநாதன் தெருவில் நடந்தால் ‘புள்ளிங்கோ’ என்று சிரிக்கிறார்கள். கித்தார் வாசிக்கிற அடையாறுப் பையன் முடி வளர்த்தால் ஸ்டைல். கண்ணகி நகர்ப் பையன் வளர்த்தால் சந்தேகக் கேஸ்.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரம் என்று அறிவித்தது. 2022 மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரைக் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்துச் செத்தார். தோழர்களே, மரண கானா பாட ஒரு தெரு வேணும். செத்தவரைத் தெரிந்த தெருவாக இருக்கணும். தெருவையே பிய்த்துப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் சிதறப்போட்டால் பாட்டு எங்கே போய் நிற்கும்? இசை நகரம் என்ற பட்டத்தில் இந்தக் கணக்கு வரவில்லை.

மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். அதற்கு 21 வருஷம் முன்பே, 1907-இல், பக்கத்து ராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைக் கொண்டுவந்தார். சாதிபேதமற்ற தமிழர் என்ற அவருடைய சொல்லிலிருந்துதான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பெயர் எடுத்தது. பா. இரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாடினார்கள். வாசலில் நின்று யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை. தானே ஒரு மேடை போட்டுக்கொண்டது. அதுதான் அதன் அரசியல்.

உடனே இரண்டு பக்கமிருந்தும் முணுமுணுப்பு. ராக் ரசிகன், ‘இது ராக் இல்ல, பிரச்சாரம்’ என்றான். அவனை விடுங்கள். நம்ம ஆளுங்களே, ‘கித்தார் வந்துட்டா அது அசல் கானாவா?’ என்றார்கள். இதுதான் எனக்குப் பயம். அசல் என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தோம்? சபாவிலிருந்து. சுத்தம், சம்பிரதாயம் என்று அவன் சொல்வதை நாம் அசல் என்று சொல்கிறோம். டோலக்கும் ஆர்மோனியமும் சினிமா மெட்டும், எதுவும் இல்லாதபோது மேஜையும், எல்லாம் கானாவுக்குள் வந்தது யாருடைய அனுமதியால்? கலப்புதான் கானா. கலப்பைக் கண்டு அஞ்சுவது சாதியின் குணம்.

பொம்பளை கானா பாடலாமா என்று கேட்டதும் நம்ம தெருதான். இசைவாணி பாடினார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2018-இல் சபரிமலை நுழைவு பற்றிப் பாடிய பாட்டுக்காக 2024-இல் அவரைக் கேவலமாகத் தாக்கினார்கள். அன்றைக்கு அவர் பக்கம் நிற்க வந்தவன்தான் ரசிகன். எத்தனை பாட்டு மனப்பாடம் என்பது ரசிகனுக்கு அடையாளமாகாது.

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். நீங்கள் நடத்தும் இசை நிகழ்ச்சிக்கு வருகிறவனை, ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்காதீர்கள். நோட்டீஸில் பாடகர் பேரோடு டோலக் அடித்தவர், பறை கட்டித் தந்தவர் பேரையும் போடுங்கள், கூலியைக் கையில் கொடுங்கள். வருஷத்தில் ஒரு நாளாவது பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மைக்கைக் கொண்டுபோங்கள். அங்கே பாட ஆள் இருக்கிறது, பிரிந்துபோன தெரு கூடத்தான் இடமில்லை. அந்த இடத்தை உருவாக்குவது நம்ம வேலை.

ஜெய்பீம்.