காணாமற்போன பிள்ளையும் காத்திருந்த தாயும்

 

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் காப்பியமன்று, ஒரு திரைப்படம். ஆண்டு விழா மேடையில் சினிமாவைப் பற்றிப் பேசுவது தகுமா என்று செயற்குழுவில் ஓர் ஐயம் எழுந்தது உண்மையே. ஆயினும், சென்ற பொங்கலையொட்டி நம் காலனி மன்றத்தில் ‘லயன்’ என்னும் படத்தைத் திரையிட்டபோது, படம் முடிந்து ஒன்றரை மணி நேரமாகியும் ஒருவரும் வீடு திரும்பவில்லை. சுண்டல் தீர்ந்தது, காப்பி தீர்ந்தது, பேச்சு மட்டும் தீரவில்லை. அன்று நம்மவர் கூறிய கருத்துகளுள் சிலவற்றை இம்மன்றத்தின் முன் வைக்க விரும்புகிறோம்.

அன்று வர இயலாதவர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். இது கட்டுக்கதையன்று. 1986 ஆம் ஆண்டு. மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா நகரில் ஓர் ஏழைத் தாய். அவளுடைய ஐந்து வயது மகன், அண்ணன் குட்டுவுடன் புர்ஹான்பூர் இரயில் நிலையத்துக்கு வருகிறான். வேலை தேடிச் சென்ற அண்ணன் வரும்வரை நிலையத்து இருக்கையில் உறங்குகிறான். விழித்தபோது அண்ணன் இல்லை. எதிரில் நின்ற காலி வண்டியில் ஏறி மீண்டும் உறங்கிவிடுகிறான். அவ்வண்டி 1,500 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடி அவனை அன்றைய கல்கத்தாவில், ஹௌரா நிலையத்தில், இறக்கிவிட்டது. சில வாரம் தெருவில் திரிந்தபின் அனாதை விடுதியொன்றைச் சேர்ந்தான். 1987 இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலிருந்து பிரையர்லி தம்பதியர் அவனைத் தத்தெடுத்துக்கொண்டனர். வளர்ந்து ஆளானபின் அவர் கணிப்பொறியில் கூகிள் எர்த் என்னும் நிலப்படத்தைத் திறந்து, ஹௌராவிலிருந்து பிரிந்தோடும் தண்டவாளங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, 2011 இல் தம் நினைவில் நின்ற தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தார். 2012 இல் தாயின் முன் நின்றார். சரூ பிரையர்லி தம் வரலாற்றை எழுதிய நூல் 2013 இல் வெளிவந்தது. கார்த் டேவிஸ் இயக்கிய படம் 2016 இல் வந்தது.

ஹௌராக் காட்சி தொடங்கியதும் மன்றத்தில் ஓர் அசைவும் இல்லை. மும்பைச் சிறுவன் சன்னி பவார் அந்தக் கூட்டத்தின் கால்களுக்கிடையே நின்று அண்ணன் பெயரைக் கூவுகிறான். இந்தியில் கேட்கிறான், வங்காளியில் விடை வருகிறது. ஆஸ்திரேலியர்க்கும் அமெரிக்கர்க்கும் அது ஒரு படக்காட்சி. நமக்கு அது சொந்த அனுபவம். மெயிலிலும் கோரமண்டலிலும் வந்து அதே மேடையில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, கூலிக்காரரிடம் ஒரு சொல்லும் சொல்லத் தெரியாமல் விழித்தவர்கள் நம்முள் எத்தனை பேர்!

இரயில்வேயில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் வழக்கப்படி எழுந்து நின்றே கருத்துரைத்தார். “பையன் தொலைந்ததற்கு வண்டி காரணம்; கிடைக்காமற்போனதற்கு உச்சரிப்புக் காரணம்” என்றார் அவர். கண்டுவாவில் அவன் வாழ்ந்த பகுதி கணேஷ் தலாய். அவன் வாயில் அது ‘கணேஸ்தலே’ ஆயிற்று. புர்ஹான்பூர், ‘பெராம்பூர்’ ஆயிற்று. அப்படி ஒலிக்கும் ஊர் வங்கத்திலும் உண்டு. நாம் சென்னை செல்லும் வழியில் ஒடிசாவிலும் உண்டு. எதுவென்று எவர் கண்டார்? ஷேரு என்ற தன் பெயரையே அவன் சரூ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஷேரு என்றால் சிங்கம். படத்தின் பெயர்க் காரணம் இறுதியில்தான் விளங்குகிறது. வண்டியில் இருந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி, ஹௌராவைச் சுற்றி வட்டம் போட்டுத் தேடிய முறையைப் பெரியவர் வெகுவாக மெச்சினார். “நாங்கள் பென்சிலால் செய்த கணக்கு இதுதான்” என்று பெருமையுடன் உட்கார்ந்தார்.

தாய்மார்களின் பேச்சு வேறு திசையில் சென்றது. வளர்த்த தாயாக நிக்கோல் கிட்மன் நடித்திருக்கிறார். தாம் தேடுவதை அத்தாயிடம் மகன் நெடுநாள் மறைத்தது நன்றி மறந்த செயல் என்றார் ஓர் அம்மையார். மறைத்ததே அன்பினால்தான் என்று அவருடைய மருமகளே எதிர்வாதம் செய்தார். மாமியாரும் மருமகளும் மன்றத்திலேயே வாதாடிய அக்காட்சி படத்தினும் சுவையாக இருந்ததென்று சொன்னால் இருவரும் நம்மை மன்னிப்பார்களாக. குட்டுவின் முடிவைப் பற்றி மட்டும் எவரும் வாதாடவில்லை. தம்பி தொலைந்த அதே இரவில் அண்ணன் இரயிலில் அடிபட்டு இறந்துவிட்டான். ஒரே இரவில் இரு பிள்ளைகளை இழந்தவள் அத்தாய். திரும்பி வந்தவன் ஒருவன்.

குறை கூறியவர்களும் இருந்தனர். பின்பாதி இழுக்கிறது, நாயகன் கணிப்பொறியையே வெறித்துக் கொண்டிருக்கிறான் என்றனர் இளைஞர். அதில் நமக்கும் உடன்பாடே. ‘பராசக்தி’யைப் பலமுறை பார்த்த மூத்த அன்பர் ஒருவர், “1952 இல் நாங்கள் பார்த்ததும் இதுதானே? இரங்கூனிலிருந்து வந்த அண்ணன்மார் தங்கையைத் தேடவில்லையா?” என்றார். தேடினார்கள். ஆனால் ‘பராசக்தி’யிலும், 1965 இல் வந்த இந்திப் படமான ‘வக்த்’திலும் பிரிந்த குடும்பத்தை நீதிமன்றக் காட்சி சேர்த்து வைக்கிறது. ‘லயன்’ படத்தில் வழக்குமில்லை, வழக்கறிஞருமில்லை. மகன் திரும்பி வருவான் என்று தாய் அந்தப் பகுதியை விட்டுப் போகாமல் இருந்தாள், அவ்வளவே. பழைய வீட்டில் அவள் இல்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் தாயின் பெயரென்ன என்று அந்தச் சிறுவனைக் கேட்கும்போது, ‘அம்மா’ என்பதற்கு மேல் அவனுக்கு விடை தெரியவில்லை. மறுவாரம் நம் தமிழ் வகுப்பில் குழந்தைகளிடம் சொந்த ஊரின் பெயரை எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் ‘தாத்தா வீடு’ என்று எழுதினர். ஒரு சிறுமி மட்டும் இரயில் நிலையத்தின் பெயரைத் தவறின்றி எழுதினாள். தாத்தா வீட்டில் இப்போது தாத்தா இல்லையே என்று அவளிடம் நாம் கேட்கவில்லை.

அன்று எல்லோரும் பேசி முடித்தபின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. எட்டாம் எண் வீட்டுப் பாட்டியை அறியாதவர் இங்கு இல்லை. மாயவரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் அவருக்குப் பிறந்தவழி வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஓடு சரிந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று அவர் மகன் பல ஆண்டுகளாக மன்றாடி வந்தார்; பாட்டி கையெழுத்திட மறுத்தே வந்தார். அதைக் கிழப் பிடிவாதம் என்று நாமும் அவர் மகனுக்காகப் பரிந்து பேசியதுண்டு. அதனை இங்கே ஒப்புக்கொள்கிறோம். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பையன் வந்தப்போ அக்கம்பக்கத்திலே சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்தது. எங்க வீட்டுக்கு வந்தா யார் சொல்லுவா?”

பிறகுதான் விவரம் தெரிந்தது. 1971 இல், பதினான்கு வயதுத் தம்பி, தேர்வில் தவறித் தந்தையின் அடிக்கு அஞ்சி வடக்கே போகும் வண்டி ஏறிப் போனவன், இன்றுவரை வரவில்லை. இரண்டாண்டு கழித்துப் பாட்டி மணமாகிக் கொல்கத்தா வந்துவிட்டார். பெற்றோர் மறைந்தனர். இத்தனை ஆண்டுகளில் இச்செய்தியைப் பாட்டி மகனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லையாம். படம் முடிந்த இரவில் தாயும் மகனும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக அண்டை வீட்டார் கூறினர்.

சித்திரையில் மகன் ஊருக்குச் சென்றார். விற்பதற்கன்று. ஓட்டைச் செப்பனிட்டு, திண்ணைச் சுவரில் நம் காலனியின் முகவரியையும் தம் தொலைபேசி எண்ணையும் கறுப்பு வண்ணத்தில் பெரிதாக எழுதச் செய்து திரும்பினார். எதிர்வீட்டாரிடம், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறாராம்.