மீன் குடலிலே ஒரு சாட்சி

(தொழிலாளர் விஞ்ஞான வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



மீன் அறுத்துக் கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சில சமயம் பேன் ஒட்டியிருக்கும். குடலைக் கீறினால் வெள்ளைப் புழு நெளியும். அருவருப்போடு வழித்து எறிந்துவிடுவோம். காக்கை கொத்திக்கொண்டு போகும். அதோடு சரி.

ஆனால் நாம் எறிந்துவிடுகிற அந்தப் புழுவைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எண்ணிக் கணக்கெழுதி, எடைபோட்டுப் பரிசோதிக்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். எதற்காக? ஆற்றின் தலைமடையில் சுரங்கம் வைத்திருக்கிறவன் தண்ணீரில் எதைக் கலக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்காக! மீனை அண்டிப் பிழைக்கிற இந்த அற்ப ஜீவனை ஒட்டுண்ணி என்கிறோம். அந்த ஒட்டுண்ணி எப்படிச் சாட்சி சொல்கிறது என்பதுதான் இன்று நாம் பேசப்போகிற விஷயம்.

யானை ஆறு

தென்னாப்பிரிக்காவிலே ஒலிஃபான்ட்ஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அந்தச் சொல்லுக்கு யானைகள் என்று பொருள். ம்புமலாங்கா மாகாணத்தின் மேட்டு நிலத்தில் பிறந்து, லாஸ்காப் அணையில் தேங்கி வயல்களுக்குப் பாய்ந்து, க்ரூகர் தேசியப் பூங்காவைக் கடந்து, மொசாம்பிக் நாட்டில் லிம்போபோ நதியோடு சேருகிறது.

இந்த ஆறு பிறக்கிற இடத்திலேயே நிலக்கரி. விட்பாங்க் என்ற ஊரைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சுரங்கம் வெட்டி வருகிறார்கள். 2006-ல் அந்த ஊரின் பெயரை எமலாஹ்லேனி என்று மாற்றினார்கள். நிலக்கரி உள்ள இடம் என்பது அதன் பொருள். ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாலபோர்வா என்ற ஊரில், 1950-களிலிருந்து பாஸ்பேட்டும், 1960-களிலிருந்து செம்பும் தோண்டுகிறார்கள். ஆக, தலைமடையிலும் சுரங்கம், கடைமடையிலும் சுரங்கம்.

சுரங்கத்தால் தண்ணீர் எப்படிக் கெடுகிறது? நிலக்கரிப் பாறையில் இரும்பும் கந்தகமும் கலந்த ஒரு கனிமம் இருக்கிறது. பூமிக்கடியில் மூடிக் கிடக்கும்வரை அது சாது. வெட்டி எடுத்து வெளியே கொட்டினாலோ, காற்றும் நீரும் பட்டு, கந்தகத் திராவகம் உண்டாகிறது. அந்தத் திராவகம் பாறையில் உள்ள மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சுரங்கத்தை மூடினாலும் இது நிற்பதில்லை. தண்ணீர் இறைக்கிற பம்பு நின்றதும் சுரங்கத்துக்குள் நீர் ஏறுகிறது; நிரம்பியதும் வழிகிறது. முதலாளி லாபத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவான். திராவகம் மட்டும் வருஷக்கணக்காக ஊறிக்கொண்டே இருக்கும்.

இதனால் ஜனங்களுக்கு என்ன நேருகிறது? அதே நிலக்கரிப் பிரதேசத்தில், பக்கத்து ஆற்றுப் படுகையில், கரோலினா என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. 2012 ஜனவரியில் அங்கே பெருமழை பெய்தது. சுரங்கப் பகுதியில் தேங்கியிருந்த திராவக நீர் வழிந்து, ஊருக்குக் குடிநீர் தருகிற அணையில் கலந்தது. குழாயில் வந்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் ஜனங்கள் குடத்தோடு அலைந்தார்கள். கடைசியில் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில், 72 மணி நேரத்துக்குள் குடிநீர் கொடுத்தாக வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

தண்ணீரைச் சோதித்தால் போதாதா?

நியாயமான கேள்வி. தண்ணீரைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. ஆலைத் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஆலை எப்படி இருக்கும்? தரை பெருக்கியிருக்கும். என்றும் ஓடாத காற்றாடி அன்று ஓடும். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் கையெழுத்திட்டுப் போனதும் பழைய கதைதான்.

ஆறும் அப்படித்தான். பகலில் குப்பியில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். நேற்று இரவு திறந்துவிட்ட கழிவு இன்று பத்து மைல் கீழே போயிருக்கும். ஆனால் மீன் இரவும் பகலும் அதே தண்ணீரில் கிடக்கிறது. அதன் மேலும் உள்ளும் ஒட்டுண்ணி கிடக்கிறது. அந்த மீனுக்கு லீவு கிடையாது.

பேன் இல்லாத மீன்

ஒட்டுண்ணிகளில் இரண்டு வகை. வெளியே, செவுளிலும் தோலிலும் ஒட்டுவது ஒரு வகை. உள்ளே, குடலிலும் வயிற்றுக்குள்ளும் வாழ்வது இன்னொரு வகை.

வெளியே இருக்கிற பேனுக்கும் செவுள் புழுவுக்கும் மறைவிடம் கிடையாது. தண்ணீரில் விஷம் கலந்தால் அது நேராக அவற்றின் மேல் படுகிறது. மீன் தாக்குப்பிடிக்கிற அளவு விஷத்திலேயே அவை செத்து உதிரக்கூடும். உள்ளே இருக்கிற புழுவுக்கோ மீனின் உடம்பே கோட்டை. தண்ணீர் கெட்டாலும் அது சில காலம் தப்பிக்கிறது.

1990-களில் ஜோஹன்னஸ்பர்க் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒலிஃபான்ட்ஸ் ஆற்று மீன்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் முக்கியமானது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீனின் கண், தோல், செவுள், ஈரல், ரத்தம் எல்லாவற்றையும் பார்த்து, கோளாறு கண்ட இடத்துக்கெல்லாம் மார்க் போடுவார்கள். மார்க் கூடினால் மீனின் ஆரோக்கியம் கெட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கில் ஒட்டுண்ணியையும் சேர்த்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. உள்ளே புழு அதிகமானால் மார்க் கூடும். வெளியே உள்ள ஒட்டுண்ணிக்குக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பேனும் செவுள் புழுவும் ஒன்றுகூட இல்லாத மீனுக்குத்தான் அதிக மார்க்! ஏன்? இருக்கவேண்டிய பேன் இல்லை என்றால், எதுவோ அதைக் கொன்றிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பளிச்சென்று சுத்தமாக இருக்கிற மீனைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். விஞ்ஞானி கவலைப்படுகிறார்.

வயலில் வேலை செய்கிற தோழர்களுக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். சில புழுக்களின் வாழ்க்கைக்கு மூன்று வீடு தேவை. முதலில் நத்தை, அடுத்து மீன், கடைசியில் மீனைத் தின்னும் கொக்கு போன்ற பறவை. திராவகத் தண்ணீரில் நத்தையின் ஓடு அரிக்கப்படும். நத்தை அழிந்தால் முதல் வீடு போயிற்று. மீன் இருக்கும், கொக்கும் வரும், புழு மட்டும் இருக்காது. மூன்று வீட்டில் ஒன்று இடிந்ததை அந்தப் புழுவின் மறைவு காட்டிக்கொடுக்கிறது.

ஈயத்தைச் சேர்க்கும் புழு

இதுவரை சொன்னது எண்ணிக்கைக் கணக்கு. இனி எடைக் கணக்கு.

மீன் குடலில் முள்தலைப் புழு என்று ஒன்று உண்டு. தலையில் முள் முள்ளாக இருக்கும். அதைக் குடல் சுவரில் குத்திக்கொண்டு தொங்கும். அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தோலின் வழியாகவே எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது.

தண்ணீரில் உள்ள ஈயம் மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. ஈரல் அதைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளுகிறது. அங்கே காத்திருக்கிற முள்தலைப் புழு அந்த ஈயத்தை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. எவ்வளவு சேர்க்கிறது? ஜெர்மனியில் பெர்ண்ட் சூரெஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1990-களில் ஆற்று மீன்களில் இதை அளந்தார்கள். மீனின் சதையில் இருந்ததைப் போல 2,700 மடங்கு ஈயம் புழுவின் உடம்பில் இருந்தது! தண்ணீரில் கருவிக்கு எட்டாத அளவு ஈயம் இருந்தாலும் புழுவில் அது பிடிபட்டுவிடும்.

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத்துக்குத் தண்ணீர் தருகிற வால் அணையிலும் இப்படி ஆராய்ந்தார்கள். அங்குள்ள மஞ்சள் மீனின் குடலில் இருந்த நாடாப்புழுவும் உலோகங்களைச் சேர்த்து வைத்திருப்பதாக 2006-ல் எழுதினார்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். முள்தலைப் புழு உள்ள மீனின் குடல் சுவரில் ஈயம் குறைந்திருப்பதையும் சூரெஸ் குழுவினர் கண்டார்கள். புழு தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்வதே காரணம். ஆகவே மீனை மட்டும் சோதித்து, ஈயம் கொஞ்சம்தான், பயமில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது. புழுவையும் சோதித்தீர்களா என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மீனை நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும். உலோகம் எந்த அடுப்பிலும் வேகாது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம்

ஒரு மீனைப் பிடித்து, பேனைக் காணோம், ஆறு கெட்டுவிட்டது என்று கூச்சல் போட்டால் எதிராளி சிரிப்பான். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு இருக்கும். சிறு மீனில் குறைவாகவும் பெரிய மீனில் அதிகமாகவும் புழு இருக்கலாம். ஊர்ச் சாக்கடை கலந்தால் சில ஒட்டுண்ணிகள் குறைவதற்குப் பதில் பெருகுவதும் உண்டு.

ஆகவே ஒரே இன மீனை, ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் பிடிக்க வேண்டும். சுரங்கத்துக்கு மேலே சில மீன், கீழே சில மீன் என்று பல தடவை எண்ணி ஒப்பிட வேண்டும். தண்ணீர்ச் சோதனையையும் வண்டல் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் கை காட்டினால் அது ருசு. அந்த ருசுவை எந்த வக்கீலும் எளிதில் ஊதித் தள்ள முடியாது.

எப்போது எண்ண வேண்டும்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். ஆறு கெட்டபிறகு ஜனங்கள் புகார் சொன்னால் சுரங்கக்காரன் என்ன பதில் சொல்வான்? இந்த ஆற்று மீன் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்பான். முன்பு எப்படி இருந்தது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லாவிட்டால் அவன் சொல்வதே கணக்காகிவிடும். கூலிக் கணக்கில் நமக்குத் தெரியாத சூழ்ச்சியா இது? பேரேடு யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதுதான் பாக்கி!

ஆகையால் முதல் கல் பெயர்வதற்கு முன்பே மீனைப் பிடித்து எண்ண வேண்டும். செவுளில் எத்தனை, குடலில் எத்தனை, புழுவில் ஈயம் எவ்வளவு என்று எழுத வேண்டும். சுரங்கம் நடக்கும்போது வருஷந்தோறும் எண்ண வேண்டும். மூடியபிறகும் நிறுத்தக் கூடாது. திராவகம் ஊறுவது அப்போதும் நிற்பதில்லை என்று பார்த்தோம். அந்தக் கணக்கின் ஒரு பிரதி சர்க்கார் அலமாரியில் இருக்கட்டும். இன்னொரு பிரதி அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊரில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

உலோகத்தை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும், படித்த நிபுணர் வேண்டும். ஆனால் எந்த மடுவில் எந்த மீன் கிடைக்கும், முன்பு பேன் இருந்ததா, எந்த மழைக்குப் பிறகு தண்ணீர் நிறம் மாறியது என்பதெல்லாம் கரையில் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். நிபுணரின் தராசும் மீன் பிடிக்கிறவரின் கண்ணும் ஒன்றுசேர்ந்தால், தலைமடையில் நடப்பதைக் கடைமடையிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.