நீதிமன்ற எழுத்தரும் பழைய பத்திரமும்

1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. ஆட்சிமொழி மாறிற்று, பத்திரங்கள் மாறவில்லை. திருவிதாங்கூர்க் காலத்தில் மலையாளத்தில் எழுதப்பெற்றவை இன்றும் நில வழக்குகளில் சான்றாக வருகின்றன.

என் பாட்டனார் காலத்துப் பாகப்பத்திரம் ஒன்றுடன் ஒரு நீதிமன்ற அலுவலகத்திற்குச் சென்றேன். "கொல்லம் 1110" என்பதைக் கண்ட இளம் எழுத்தர், "சோழர் காலத்ததா, ஐயா?" என்றார்! 825 கூட்டவேண்டும், ஆண்டின் தொடக்க மாதங்களாயின் 824 என்று விளக்கினேன். வாத்தியார் புத்தி போகுமா? எழுத்தைப் படிக்க அங்கு எவருமில்லை. மும்முறை அலைந்தபின், எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் படித்துச் சொன்னார். இளைஞர்மேல் குறையில்லை, அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

சென்னையில் மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் அதன் மண்டல மையங்கள் உள்ளன. நீதிபதிகளுக்கேயன்றி நீதிமன்றப் பணியாளருக்கும் பயிற்சி உண்டு. கணினிப் பதிவும் கற்பிக்கிறார்கள். நல்லதே.

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பாடம் நடத்த, விரிவுரையாளர் பின்வரிசையிலிருந்து பிழை குறிப்பார். அவ்வாறே நாகர்கோவிலுக்கு வரும் புதிய எழுத்தர்கள், மூத்தவர் ஒருவர் அருகிருக்க, பழைய கட்டொன்றைப் பிரித்துப் படித்துப் பழகலாம். மலையாள எழுத்துக்கு ஒரு திங்கள் போதும். எங்கள் தெருக்காரர் கற்பிக்க இசைகிறார். அவருக்கு வயது 82.